பீரோவுக்குள் ஒரு ஆர்கன், பரணில் ஒரு ஆர்மோனியம்

போன மாதம் ஆபீஸ் நண்பர் ஒருவர் வேலை விஷயமாக நெதர்லாந்து போய்விட்டு வந்தார். கையில் சாக்லேட்டைத் திணித்துவிட்டு செல்போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். காற்றாலை, கால்வாய், சைக்கிள், மறுபடியும் சைக்கிள். நடுவில் ஒன்றில் நிறுத்தினார். யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் நிற்கும் மர பீரோ. அடுத்த போட்டோவில் பீரோவின் கதவு திறந்திருந்தது. உள்ளே துணிமணி இல்லை. பெரிசும் சிறிசுமாகக் குழாய்கள், கீழே ஒரு கீபோர்டு.

"பைப் ஆர்கன் சார்! வீட்டுக்குள்ளயே வச்சிருக்காங்க!"

எனக்குத் தெரிந்த பைப் ஆர்கன் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து சர்ச்சுகளில் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற ரகம். அதை எப்படி ஹாலுக்குள் அடக்கினார்கள் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, பரணில் கிடக்கும் எங்கள் அப்பாவின் ஆர்மோனியப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு வாரமாகப் பஞ்சாயத்து. இந்தப் பதிவு அதில் என் தரப்பு வாதம். தீர்ப்பு கடைசியில் :-)

முதலில் வழக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடம் பழசு. இடித்துக் கட்டப் போகிறார்கள். அதுவரை மூன்று வருஷம் வாடகை வீடு. கிடைத்தது ஒரு பெட்ரூம், ஒரு ஹால், திரும்பினால் இடிக்கும் ஒரு கிச்சன். நாங்கள் நாலு பேர்: அம்மா, நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள். எது வரும், எது வராது என்று மனைவி இரண்டு லிஸ்ட் போட்டாள். "வராது" லிஸ்டில் நாலாவது ஐட்டம், ஆர்மோனியம்.

அவள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ஒன்று, அப்பா போன பிறகு அதை யாரும் தொடவில்லை. இரண்டு, வேண்டுமென்றால் எடை குறைந்த கீபோர்டு ஒன்று வாங்கி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். மூன்றாவது, மாட்டுங்காவில் மகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி எப்போதோ சொன்னது: "அந்தப் பெட்டியோட பாடினா குழந்தைக்கு ஸ்வரஸ்தானமே கெட்டுப்போயிடும்." மூன்றாவது காரணத்துக்குப் பிறகு அப்பீலே கிடையாது.

அம்மாவைக் கேட்டோம். "உங்க வசதி எப்படியோ அப்படிச் செய்யுங்கப்பா" என்றாள். அம்மாக்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது பீரோவுக்குள் குழாய் போன கதை. பைப் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு குழாய். கீழ் ஸ்வரம் வேண்டுமானால் நீளக் குழாய் வேண்டும். கீபோர்டின் கடைசி இடதுபக்கக் கட்டைக்கு, வாய் திறந்த குழாய் என்றால் சுமார் 8 அடி நீளம். எங்கள் ஹாலின் உயரத்துக்கு ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஆனால் குழாயின் மேல் வாயை அடைத்துவிட்டால் அதே ஸ்வரம் பாதி நீளத்திலேயே, அதாவது 4 அடியிலேயே வந்துவிடும். ஹாலந்துக்காரர்கள் 18-ம் நூற்றாண்டிலேயே இந்த மாதிரி மூடிய குழாய்களை வைத்து, பார்ப்பதற்கு எழுதும் மேசை மாதிரியும் பீரோ மாதிரியும் வீட்டு ஆர்கன் செய்துவிட்டார்கள். இன்றைக்கும் ஐரோப்பாவில் சின்ன ஹால் கச்சேரிகளுக்கு டிரங்குப் பெட்டி அளவு ஆர்கனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதில் கீபோர்டை ஒரு கட்டை இடதுபக்கமோ வலதுபக்கமோ நகர்த்திச் சுருதி மாற்றும் வசதியும் உண்டு. நம் ஊர் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது.

இருந்தாலும் மரமும் தகரக்கலவைக் குழாயும் மும்பைக்கு ஒத்துவராது. சூடு ஏறினால் குழாயின் சுருதியும் ஏறும். ஜூலையில் நம் வீட்டுக் கதவே உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் நிற்கும்போது, நூற்றுக்கணக்கான மரக்குழாய்கள் எந்த கதிக்கு ஆளாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் குழாயையே தூக்கிப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் ஒரு சின்ன உலோக நாக்கை வைத்தார்கள். காற்று பட்டால் துடிக்கும் நாக்கு. ரீடு என்கிறோமே, அதுதான். சீனர்களின் ஷெங் வாத்தியத்தில் பல நூற்றாண்டுகளாக இருந்த விஷயம் இது. 8 அடிக் குழாய் போடும் சத்தத்தை சில அங்குல ரீடு போட்டுவிடும். பாரிஸில் அலெக்ஸாண்டர் டெபான் 1840-களின் தொடக்கத்தில் இதற்கு ஆர்மோனியம் என்று பேர் வைத்தார். அது காலால் மிதிக்கிற ஆளுயர வாத்தியம். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் 1875-ல் அதன் காலை வெட்டி, துருத்தியைப் பின்பக்கம் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி மாற்றினார். ஒரு கை துருத்திக்கு, ஒரு கை கட்டைக்கு. நமக்கு இரண்டு கையாலும் கோர்வை வாசிக்க வேண்டிய தேவை இல்லை என்பதைப் புரிந்துகொண்டு செய்த வேலை. சர்ச் சுவரில் இருந்த ஆர்கன் கடைசியில் ஒரு ஆள் தூக்கும் பெட்டி ஆனது இப்படித்தான்.

காலால் மிதிக்கிற அந்த அண்ணன்காரனும் நம் ஊரை விட்டுப் போய்விடவில்லை. தாதர் பக்கம் எப்போதாவது மராட்டி சங்கீத நாடகம் நடந்தால் போய்ப் பாருங்கள். மேடைக்குக் கீழே ஒருவர் மிதித்து மிதித்து வாசிப்பார். அவர்கள் அதை ஆர்கன் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்டே மாதிரி கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய வகை. ஆர்மோனியம் காற்றை வெளியே தள்ளும். இது உள்ளே உறிஞ்சும். அதனால் சத்தம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். பாலகந்தர்வா பாடிய நாடகப் பாட்டுக்களை இன்றைக்குப் பாடுகிறவர்களும் ஆர்கன் இல்லாமல் பாடினால் ஏதோ குறைகிறது என்பார்கள்.

தமிழ் நாடகத்துக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு. பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே வந்து கொட்டகை போட்டபோது கூடவே ஆர்மோனியமும் வந்தது. பிறகு நம் மேடையில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் திரை தூக்குவதில்லை என்றாகிவிட்டது. கிட்டப்பா பாட, அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததைப் பற்றி அந்தக் காலத்துக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

எங்கள் அப்பா அந்த நாடகங்களைக் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1968-ல் தாராவிக்கு வந்தார். முதலில் தோல் பதனிடும் இடத்தில் வேலை, பிறகு ஒரு குடோனில் கணக்கு. சீட்டுப் பணம் விழுந்த வருஷம், 1979 என்று நினைவு, செகண்ட் ஹாண்டில் இந்தப் பெட்டியை வாங்கினார். பத்துக்குப் பத்து அறை. பகலில் பெட்டியின் மேல் படுக்கைச் சுருள்; ராத்திரி படுக்கையைப் பிரித்தால் பெட்டிக்கு விடுதலை. எங்கள் சந்தில் பஜனைக் கோஷ்டி, அடுத்த சந்தில் ஜெபக்கூடம். இரண்டிலும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். டிசம்பர் வந்தால் அப்பாவின் பெட்டிக்கு இரண்டு ஷிப்டு. விடிகாலையில் மார்கழி பஜனை, ராத்திரி கிறிஸ்துமஸ் கீர்த்தனை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்து விட்டு சந்து போவது என் வேலை. இடது தோள்பட்டையில் அந்தப் பெட்டியின் விளிம்பு அழுத்தும் இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

செம்பூருக்கு வந்த பிறகு, கடைசி நாலு வருஷம், பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது கை போய்விட்டது. துருத்தி போட முடியாது. பெட்டியை மூடி வைத்துவிடுவார் என்று நினைத்தோம். அம்மா பெட்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் காற்றுப் போட, அவர் வலது கையால் வாசித்தார். தினமும் சாயந்திரம் விளக்கேற்றியதும் அரை மணி நேரம். துருத்தி பின்னால் இருப்பதால் இப்படி இரண்டு பேர் உட்கார முடிகிறது. கோஷ் இதற்காக அங்கே வைத்திருக்க மாட்டார். ஆனால் எங்களுக்கு உதவியது.

சரி, உணர்ச்சிவசப்பட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருகிறேன்.

மாமி சொல்வது தப்பில்லை. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக வெட்டியிருக்கிறார்கள். ஒரு பங்கை நூறு துளியாக எடுத்துக்கொண்டால், தம்பூராவோடு இழையும் அந்தர காந்தாரத்தைவிட ஆர்மோனியத்தின் காந்தாரம் சுமார் 14 துளி தூக்கலாக இருக்கும். பஞ்சமம் பரவாயில்லை, 2 துளிதான் வித்தியாசம். இதைவிடப் பெரிய குறை கமகம். தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கிற ஸ்வரமா? அதை இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கே போய்த் தேடுவது? குழாய் ஆர்கனுக்கும் இதே கதிதான். அடித்த ஆணி மாதிரி ஸ்வரம் அங்கேயே நிற்கும்.

இந்தக் குற்றச்சாட்டு புதுசும் இல்லை. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. தாகூருக்கே அதைப் பிடிக்காது. டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரும் அதைத் திட்டி எழுதினார். அவர்கள் ஊர்ச் சரக்கை அவரே வேண்டாம் என்றார்! தடை தளர்ந்தது 1971-ல்தான். முப்பத்தொரு வருஷம். அத்தோடும் முடியவில்லை, 2022-ல் அமிர்தசரஸ் பொற்கோவில் கீர்த்தனிலிருந்து ஆர்மோனியத்தைப் படிப்படியாக எடுத்துவிட்டுப் பழைய தந்தி வாத்தியங்களைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. குறையைச் சரிசெய்யவும் ஆட்கள் உழைக்கிறார்கள். நம் பக்கத்து ஊர் தானேயில் டாக்டர் வித்யாதர் ஓக் 22 ஸ்ருதி கொண்ட ஆர்மோனியமே உருவாக்கியிருக்கிறார். பல்லடம் வெங்கடரமண ராவ் மாதிரி, இருக்கிற பெட்டியிலேயே கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டியவர்களும் உண்டு.

ஆக, ராக சங்கீதம் கற்றுக்கொள்ள ஆர்மோனியம் நல்ல வாத்தியார் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் வர்ணம் சாதகம் பண்ணும்போது பெட்டி மூடியே இருக்கட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் மாமியிடம் பணிவோடு கேட்க ஆசை. வகுப்பு ஆரம்பிக்கும்போது மகளிடம் என்ன சொல்கிறீர்கள்? "அஞ்சரைக் கட்டை வை." எந்தக் கட்டை அது? ஆர்மோனியக் கட்டை! முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அதை அடுத்த கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் அஞ்சரை வரும். சந்தேகமாக இருந்தால் இன்னொரு சோதனை. மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது. மூன்றாவது வெள்ளைக்கும் நாலாவது வெள்ளைக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே கிடையாது. பெட்டியைத் திண்ணையோடு நிறுத்திவிட்டோம், ஆனால் நம் வித்வான்களின் குரலை இன்றுவரை அந்தப் பெட்டியை வைத்துத்தான் அளக்கிறோம். வகுப்பில் ஒரு காலத்தில் கையால் போட்ட சுருதிப்பெட்டியும், கட்டை இல்லாத ஆர்மோனியம்தானே? அதே ரீடு, அதே துருத்தி.

என் வாதம் இவ்வளவுதான். கச்சேரி வாத்தியத்துக்கும் வீட்டு வாத்தியத்துக்கும் ஒரே மார்க் ஷீட் போடக் கூடாது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா ஹாலில் 2,700 பேருக்கு மேல் உட்கார்ந்து கேட்கும் கச்சேரியில் 14 துளி வித்தியாசம் பெரிய விஷயம். அங்கே பாடுகிறவர் ஒருவர், மற்ற எல்லோரும் கேட்கிறவர்கள். வீட்டில் அப்படி இல்லை. சுருதி சேராத சித்தப்பா, பாதி வரி மறந்துபோன அத்தை, வெட்கப்படும் பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரையும் ஒரே ஸ்வரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற சத்தம் வேண்டும். தம்பூரா மென்மையானது, இந்தக் கூட்டத்தில் அது காதிலேயே விழாது. ஆர்மோனியம் எல்லோரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இந்த ஊரில் விட்டல் அபங்கிலிருந்து கவ்வாலி வரை அத்தனை பேரும் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆர்கனை வீட்டுக்குள் கொண்டுவந்த ஹாலந்துக்காரரும் குடும்பத்தோடு உட்கார்ந்து பாடுவதற்குத்தான் கொண்டுவந்திருப்பார்.

"அதுக்குக் கீபோர்டு போதாதா?" என்றாள் மனைவி. கீபோர்டு எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் நடப்பதைப் பார்க்கிறேன். மகள் செல்போனில் தம்பூரா ஆப் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணுகிறாள். சுத்தமான சுருதி, சந்தேகமே இல்லை. ஆனால் அவள் பாடுவது அடுத்த அறையில் இருக்கும் ஆச்சிக்குப் பாதிதான் கேட்கிறது. கீபோர்டு வந்தால் அதிலும் ஹெட்போன் துளை இருக்கும். எங்களை மாதிரி ஊரை விட்டு வந்தவர்கள் வீட்டில் தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது சாப்பாடும் நாலு பாட்டும்தான். பாட்டையும் ஹெட்போனுக்குள் அனுப்பிவிட்டால் சாப்பாடு ஒன்றுதான் பாக்கி. அதிலும் அவள் பாஸ்தா கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். உள்ளே கரப்பான் முட்டை. மடிப்பில் தோல் விட்டுப்போய்க் காற்று புஸ்ஸென்று போனது. இரண்டு ரீடு ஊமை. சயான்-பாந்த்ரா லிங்க் ரோட்டில் தாராவி தோல் கடைகளில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு, தாதரில் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். பித்தளை ரீடைத் தட்டிப் பார்த்து, "பாலிதானா மால், நல்ல ரீடு, தூக்கிப் போட்டுடாதே" என்று ஹிந்தியில் சொன்னார். குஜராத்தில் இருக்கும் பாலிதானா ரீடு செய்வதில் பேர் போன ஊராம். சுருதி சேர்த்ததை வேடிக்கை பார்த்தேன். ரீடின் நுனியைத் துளி சுரண்டினால் சுருதி ஏறுகிறது. அடிப்பக்கம் சுரண்டினால் இறங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் பெட்டி பேச ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். மகள் வந்து கட்டைப் பக்கம் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினாள். சத்தம் வரவில்லை. "காத்துப் போடணும்லா" என்று சொல்லிக்கொண்டே அம்மா கிச்சனிலிருந்து வந்து பெட்டியின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆச்சி, நீங்க வாசிங்களேன்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுட்டீ. காத்துப் போடத்தான் தெரியும்."

அன்றைக்கு ஸரிகமபதநி மட்டும்தான் நடந்தது. அதிலும் மகள் காந்தாரத்தில் நின்று, "ஆமா, கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு" என்றாள். மாமி கேட்டால் சந்தோஷப்படுவார். கேட்டுக் கெட்டுப்போகிற காது இல்லை, வித்தியாசம் தெரிகிற காது.

தீர்ப்பு: பெட்டி வாடகை வீட்டுக்கு வருகிறது. பதிலுக்கு என்னுடைய கம்ப்யூட்டர் மேசை "வராது" லிஸ்டுக்குப் போகிறது. மனைவி போட்ட நிபந்தனை அது, நியாயம்தான். இதைக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் தட்டுகிறேன், முதுகு வலிக்கிறது. உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பெட்டி இருக்கலாம். வீடு மாற்றும்போது லிஸ்ட் போடுவதற்கு முன்னால் ஒருதரம் கீழே இறக்கிக் காற்றுப் போட்டுப் பாருங்கள்.

பி.கு: இறக்கினால் சில விஷயம். மழைக்காலத்தில் பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கட்டை ஒட்டிக்கொண்டால் ஈரத்தில் உப்பியிருக்கும்; பலவந்தமாக நெம்பாமல் ரெண்டு நாள் காற்றாட விடுங்கள். மேலே படுக்கைச் சுருளை வைக்காதீர்கள் (அப்பா மன்னிப்பாராக). வாரத்துக்கு ஒருதரமாவது வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் காற்றாவது போடுங்கள்.